ஒப்பீட்டு மருந்து

ஜூன் 9, திங்கள்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை. ஆனால் மதிப்பீட்டாளர்களில் ஒருவர் புதிதாக ஒரு பரிசோதனைத் தொகுதியையே கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்து அனுப்ப வேண்டுமாம். ஆய்வகத் தலைவர் ஐசக் சார் என் மேசைக்கே வந்துவிட்டார். "கோகிலா, இது போச்சுன்னா உன் ஃபெலோஷிப்ப நீட்டிக்கச் சொல்லி நான் யார்கிட்டயும் பேச முடியாது. நிஷாவக் கூட வச்சுக்க. முடிச்சிரு" என்றார்.

முடித்துவிடலாம். வீடுதான் பிரச்சினை. பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த லீலாம்மா மகளின் பிரசவத்துக்காகப் பாலக்காடு போய்விட்டார். இனி வர மாட்டார். இன்று காலை அம்மாவால் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன். உடுமலையில் பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரு பார்வையில் அடக்கி வைத்திருந்த நாகரத்தினம் டீச்சர், கண்ணாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பை விறைக்க வைக்கும் பார்க்கின்சன் நோய் வந்ததிலிருந்தே அப்படித்தான். உதவி செய்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாலை நரம்பியல் டாக்டர் வடிவிடம் கூட்டிப் போனேன். பகல் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும், மாத்திரையைக் கூட்டிக் கொடுங்கள் என்று நான்தான் கேட்டேன். டாக்டர் தயங்கினார். அம்மா அப்போது வெளியே நர்ஸிடம் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டலாம். ஆனா இந்த மருந்துல சில பேருக்கு மனசு ஒரு மாதிரி ஆயிரும். வாங்கிட்டே இருக்கறது, கண்ல பட்டத எடுத்துக்கறது, சாப்பிட்டுட்டே இருக்கறது, இப்படி. தானா நிறுத்த முடியாது. அம்மாகிட்ட முன்கூட்டியே தெளிவாச் சொல்லிரணும்."

"நானே சொல்லிக்கறேன் டாக்டர். என்னோட துறையே இதுதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதுவும் சரி. உங்களுக்கு நான் பாடம் எடுக்கறதா?"

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையைத் தொடவே மாட்டார். முதலில் உடம்புக்குப் பழகட்டும்.

ஜூன் 28, சனி

இன்று வீட்டில் சந்தகை! அம்மாவே மாவை வேகவைத்து, அந்தக் கனத்த அச்சைத் தானே அழுத்திப் பிழிந்திருக்கிறார். வேலைக்கு வரும் வசந்தாமணியக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாத்தீங்களா கண்ணு, டீச்சரம்மா என்னையத் தொடவே உடலைங்க. நாளைக்கு என்னைய வேலைய விட்டே நிறுத்திப் போடுவாங்களாட்ட இருக்குது."

"உன்னைய நிறுத்தீட்டா நான் யார்த்த பேசறது?" என்றார் அம்மா. இருவரும் சிரித்தார்கள். வசந்தாமணியக்கா எங்கள் அடுக்ககத்தில் நாலைந்து வீடுகளில் வேலை செய்கிறார். ஆனால் உட்கார்ந்து காபி குடிப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

காலையும் மாலையும் அம்மா கீழே இறங்கி நடக்கிறார். நான் விடிந்ததும் ஆய்வகம் போய்ப் பொழுது சாய வருகிறேன். செல்கள் நன்றாக வளர்கின்றன.

என்ன செய்கிறேன் என்று எழுதிப் பார்த்தால் எனக்கே தெளிவாகிறது. ஏற்பி என்பது செல்லின் மேல்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதன் ஒரு பகுதி வெளியே இருக்கும், ஒரு பகுதி உள்ளே. வெளியே டோபமின் வந்து ஒட்டினால் உள்ளே சமிக்ஞை ஓடும். சற்று நேரத்தில் வேறொரு புரதம் வந்து அதை நிறுத்திவிடும். இப்படி நிற்பதால்தான் நாம் சரியாக இருக்கிறோம். டோபமினுக்குப் பல வகை ஏற்பிகள் உண்டு. ஒரு வகை கைகால் அசைவைக் கவனிக்கிறது. இன்னொரு வகை ஆசையைக் கிளப்புகிறது. முதல் வகையை மட்டும் தொட்டு இரண்டாவதை விட்டுவிடும் ஒரு சேர்மத்தைத்தான் நாங்கள் செய்திருக்கிறோம். அது நல்லது என்று காட்ட, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்து ஒன்றை அருகில் வைத்து அளக்க வேண்டும். கட்டுரையில் அதற்கு ஒப்பீட்டு மருந்து என்று பெயர்.

அம்மா சாப்பிடும் மாத்திரைதான் அது.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவின் மேசையில் புதுத் தலைக் க்ளிப்புகள். சிவப்பு, மஞ்சள், பட்டாம்பூச்சி வைத்தது. எல்லாம் இன்னும் அட்டையில் குத்தியபடியே இருக்கின்றன. அம்மாவின் தலைமுடிக்கு ஒரு ரப்பர் பேண்டே அதிகம்.

"எதுக்கும்மா இத்தனை?"

"சும்மா. பாக்க நல்லா இருந்துச்சு."

பழைய மாணவிகளின் பேத்திகளுக்குக் கொடுப்பதற்காக இருக்கும். சமையலறை சுத்தமாக இருக்கிறது. முறுக்கு சுட்டு வைத்திருக்கிறார். சுறுசுறுப்பாக இருப்பவர்கள் நாலு பொருள் வாங்கத்தான் செய்வார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

ஆய்வகக் கூட்டத்தில் என் முறை. சமிக்ஞை ஓடும்போது செல்கள் ஒளிரும்படி செய்திருக்கிறோம். மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால் ஒளி அடங்க வேண்டும். எங்கள் சேர்மம் போட்ட செல்கள் கழுவியதும் அடங்கின. ஒப்பீட்டு மருந்து போட்டவை, அந்த இரண்டாம் வகை ஏற்பியில், கழுவிய பிறகும் ஒளிர்ந்துகொண்டே இருந்தன.

ஐசக் சார் மேசையைத் தட்டினார். "இதத்தான் அந்த ரிவ்யூவர் கேட்டாரு! பழசு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு நம்மது எடுப்பாத் தெரியும்."

முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ரஹ்மத் நிஷா கூட்டம் முடிந்து தட்டுகளைக் கழுவும்போது கேட்டாள். "அக்கா, இத நெசமாவே தினமும் சாப்பிடறவங்களுக்கு என்னாகும்?"

"எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாது நிஷா. கொஞ்சம் பேருக்குத்தான்."

"அந்தக் கொஞ்சம் பேருக்கு, இது மாத்திரையாலதான்னு தெரியுமாக்கா?"

பிப்பெட் முனைகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனேன். பெட்டி பெட்டியாக இருந்தன.

ஜூலை 21, திங்கள்

வடவள்ளி பஸ் ஸ்டாப் அருகே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர் என் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். கடைக்குள் யாரும் கேட்டுவிடக் கூடாதென்று வெயிலில் வந்து நின்று பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். டீச்சரம்மா சில சாமானத்த அப்படியே பையில போட்டுட்டுப் போயிடறாங்க. ஒருவாட்டின்னா மறதின்னு உட்டுறலாம். எனக்குச் சொல்றதுக்கே கூச்சமா இருக்குதுங்க."

"வயசாச்சில்லீங்களா. ஞாபகம் கொஞ்சம் தவறுது" என்றேன். கணக்கைத் தீர்த்தேன். இனி அம்மா எதை எடுத்தாலும் என்னிடம் சொல்லுங்கள், அவரிடம் கேட்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவின் ஞாபகம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நேற்றுக்கூட உடுமலைப் பள்ளியில் எந்த வருடம் எந்த ஆய்வாளர் வந்தார் என்று வரிசையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார். பூஜை அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 2, சனி

டாக்டர் வடிவிடம் மறுபரிசோதனை. அம்மா உதவியில்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பிக் காட்டினார். டாக்டருக்குச் சந்தோஷம். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நடவடிக்கையில ஏதாச்சும் மாற்றம் உண்டுங்களா? கட்டுப்படுத்த முடியாத ஆசை, பழக்கம், அந்த மாதிரி?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன் நானும்.

இன்னும் கொஞ்ச வாரம்தான். கட்டுரை போகட்டும். போனதும் அளவைக் குறைக்கச் சொல்லிவிடலாம். இப்போது குறைத்தால் மறுபடி விறைப்பு, மறுபடி ஆள் தேட வேண்டும். இது அம்மாவுக்கும்தானே நல்லதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. மாடி வீட்டு பிரபாவதி அழைத்திருந்தார். அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அப்பா போன பிறகு இப்படி யாரும் கூப்பிட்டதில்லை என்று அம்மா சந்தோஷமாகத் தாம்பூலம் வாங்கப் போய் வந்தார். நான் ஆய்வகத்தில் இருந்தேன். கடைசித் தொகுதி ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரபாவதி வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழைக் காணவில்லையாம். அவருடைய மாமியார் கொடுத்தது. நோன்பன்று பாத்திரம் கழுவ வசந்தாமணியக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று காலை அவர் வந்ததும் கேட்டருகே நிறுத்தி, வாட்ச்மேனை விட்டு அவர் பையைத் தரையில் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். பையில் மாற்றுச் சேலையும் சாப்பாட்டுத் தூக்கும் வெற்றிலைப் பொட்டலமும். ஆளாளுக்கு நின்று பார்த்திருக்கிறார்கள். சிமிழ் இல்லை. இருந்தாலும் இனி வளாகத்துக்குள் வரக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

போவதற்கு முன்னால் வசந்தாமணியக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"நீங்க சொல்லுங்க கண்ணு. உங்க வீட்டுல எத்தன நாளு பீரோ தொறந்தே கிடந்திருக்கும்? ஒரு குண்டூசி காணாமப் போயிருக்குதுங்களா? அந்த ஒரு வார்த்தைய அந்தம்மாகிட்ட வந்து சொல்லுங்க. எனக்கு வேல கெடைக்கும், அது கெடக்குது. பேரு போயிருச்சுங்களே."

"பேசிப் பாக்கறேன் அக்கா" என்றேன்.

சமையலறையில் அம்மா குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வரவே இல்லை.

மேலே போய்ப் பிரபாவதியிடம் பேசினேன். "வசந்தாமணியக்கா நல்லவங்க" என்று சொன்னேன். "அப்ப யாரு எடுத்தா, நீங்களா நானா?" என்று கேட்டார். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

அம்மா குளிக்கப் போனபோது பழைய மருந்துச் சீட்டைத் தேடி அவர் பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் பட்டுச்சேலைகளுக்குக் கீழே கையை விட்டேன். உலோகம் ஒன்று விரலில் பட்டது. சில்லென்று இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால்தான் பார்த்ததாக ஆகும்.

சேலைகளை இருந்தபடியே அடுக்கிவிட்டுப் பீரோவைச் சாத்தினேன். மருந்துச் சீட்டு என் கைப்பையிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

வசந்தாமணியக்கா போன் செய்தார். மீட்டிங்கில் இருந்ததால் எடுக்க முடியவில்லை.

மீட்டிங் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கட்டுரையை அனுப்பிவிட்டோம். ஐசக் சார் எல்லோருக்கும் மைசூர்பா வாங்கி வந்தார். "கோகிலவாணியோட படம் நாலு இல்லைன்னா இந்தப் பேப்பரே இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். படம் நான்கு என்பது கழுவிய பிறகும் அடங்காத அந்த ஒளியைக் காட்டும் வளைகோடு. ஒப்பீட்டு மருந்தின் கோடு மேலேயே நிற்கும். நானே வரைந்தது. கோட்டின் நிறத்தைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

கை தட்டினார்கள். என் மைசூர்பாவை டிஷ்யூவில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டேன். நிஷா பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் காபி கலந்து எடுத்துப் போனேன். அம்மா குளித்து, வெளியே போகும் சேலை கட்டி, கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை.

"கதவச் சாத்தீட்டு வந்து உக்காரு அம்முணி."

உட்கார்ந்தேன். பையைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டில்மேல் கொட்டினார். க்ளிப்புகள், யாரோ ஒரு குழந்தையின் டிபன் ஸ்பூன், சாவிக்கொத்து, நெயில்பாலீஷ், கோயில் பிரசாதக் கடையின் சின்ன விளக்கு. கடைசியாகக் குங்குமச்சிமிழ். அது உருண்டு என் முழங்காலருகே வந்து நின்றது.

"நான் திருடறேன்" என்றார் அம்மா. மாணவர்களின் மதிப்பெண்ணை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாத குரல். "கை போகுது. போறது எனக்கே தெரியுது, நிறுத்தத்தான் முடியறதில்ல. எடுத்ததுக்கப்புறம் அது எனக்கு வேண்டியும் இருக்கறதில்ல. திருப்பி வச்சறலாம்னு ரெண்டுவாட்டி மாடிப்படி வரைக்கும் போனேன். அங்க ஆளுக நின்னுட்டிருந்தாங்க, வந்துட்டேன்."

சிமிழை எடுத்துக் கட்டில்மேல் நேராக வைத்தேன்.

"பேனா எடுத்தான்னு ஒரு புள்ளைய ப்ரேயர்ல எல்லார்த்துக்கும் முன்னால நிக்க வச்சிருக்கறேன். அது ஞாபகம் வந்துட்டே இருக்குது. நெசமா நான் இப்படிப்பட்டவதான் போல, வயசாகி அடங்கிக் கெடந்தது வெளிய வந்திருச்சுன்னு நெனச்சேன். உங்கப்பா போட்டோவப் பாக்கறதையே உட்டுட்டேன். அந்த வசந்தாமணி வாசல்ல நின்னு அழுதப்ப அடுப்படியில ஒளிஞ்சுட்டேன் பாரு, அன்னைக்கே செத்திருக்கோணும். என்னைய ஏதாச்சும் ஹோமுல சேத்திரு. இல்லீனா போலீசுக்குச் சொல்லு. எதுவானாலும் இன்னைக்கே பண்ணு."

"அம்மா, அது நீங்க இல்ல. மாத்திரை."

புரியாமல் பார்த்தார். சொன்னேன். அந்த மருந்து மூளையில் எங்கெல்லாம் போய் ஒட்டுகிறது, எதை நிறுத்தவிடாமல் செய்கிறது, இது பலருக்கும் வருவதுதான், அளவைக் குறைத்தால் போய்விடும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதத்தில் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. தங்குதடையில்லாமல் வந்தது.

"அப்ப நான் திருடி இல்லியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதார். அது ஆறுதல் அழுகை. நானும் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சில நிமிடங்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வகுப்பில் பார்க்கும் பார்வை.

"இது உனக்கு எப்பிருந்து தெரியும்?"

"டோஸ் கூட்டறப்பவே."

"டாக்டரம்மா கேட்டாங்களே, மாற்றம் உண்டான்னு. அப்பவுமா?"

"ஆமா."

"நான் இல்லைன்னு சொன்னேன். சொன்னா நீ தெரிஞ்சுக்குவியேன்னு பயந்துட்டுச் சொன்னேன். நீ எதுக்கோசரம் இல்லைன்னு சொன்ன?"

நான் காபி டம்ளரை மேசைமேல் தள்ளி வைத்தேன்.

"அந்தப் பேப்பருக்கா?"

"ஆமாம்மா."

கையை என் கைக்குள்ளிருந்து உருவிக்கொண்டார். கோபமாக இல்லை. மெல்லத்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னாப் போதுமே அம்முணி. மாத்திரையக்கூட நிறுத்தியிருக்க மாட்டேன், உனக்கு வேலை ஆகோணும்னு எனக்குத் தெரியாதா? கைய மடியில வச்சுட்டு வீட்டுக்குள்ளயே இருந்திருப்பேன். ஒரு மனுசி தன்னையே பாத்து அருவருத்துட்டு எத்தன நாளைக்கு இருக்கறது?"

காபி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

டாக்டர் வடிவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சொல்லிக்கறேன்னு சொன்னீங்க" என்றார். திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்று அட்டவணை அனுப்பினார். வேறொரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சிமிழை எடுத்துக்கொண்டு பிரபாவதி வீட்டுக்குப் போனேன். நானும் வருவேன் என்று அம்மாவும் பிடிவாதமாக வந்தார். நோயைச் சொன்னேன், மருந்தைச் சொன்னேன். பிரபாவதி பதறிப்போய் அம்மாவை சோபாவில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்.

"ஐயோ டீச்சர், இதுக்குப் போய் நீங்க படியேறி வரோணுமா? ஒடம்புக்கு முடியாததுக்கு யாரு என்ன பண்றது? இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். வெளிய ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். உங்க மரியாத முக்கியம்."

மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது. நாங்கள் எடுத்தோம் என்றால் நோய். வசந்தாமணியக்கா எடுத்தார் என்றபோது யாரும் நோயைப் பற்றி நினைக்கவில்லை. பையைத்தான் கொட்டினார்கள்.

"வசந்தாமணிக்கு?" என்று அம்மா கேட்டார்.

"நாளைக்கே வரச் சொல்லிரலாம் டீச்சர். சிமிழு கெடச்சிருச்சுன்னு சொன்னாப் போதும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதையும் எழுதி வைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்வீரம்பாளையத்தில் வசந்தாமணியக்காவின் வீடு. ஓட்டு வீடு, வாசலில் ஒரு முருங்கை. ஒரு மில் கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அம்மாவுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

அம்மாவின் கதையைக் கேட்டபோது அவர் கண் கலங்கியது. "இத்தனையும் மனசுல வச்சுட்டா டீச்சரம்மா இருந்தீங்க" என்று அம்மாவின் முழங்காலைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்பத் தெரியுங்க?"

"நீங்க எங்க வாசல்ல வந்து நின்னீங்களே, அதுக்கு முன்னாடியே சந்தேகம். அடுத்த நாளே உறுதியாயிருச்சு."

"நான் போன் பண்ணுனப்பத் தெரியுமுங்க?"

"தெரியும்."

அம்மா குடித்த தண்ணீர் டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சிமிழு கெடச்சிருச்சு, வேலைக்கு வாங்கன்னு பிரபாவதியம்மா சொல்லி அனுப்பினாங்க. எங்க கெடச்சுதுன்னு கேட்டேன். கட்டிலுக்கடியில விழுந்து கெடந்துச்சாமா." கசப்பாகச் சிரித்தார். "நான் வரமாட்டனுங்க. ஆனா ஒண்ணு. என்ற பைய கேட்டு வாசல்ல எல்லார்த்து முன்னாடியும் கொட்டுனாங்க. அதே எடத்துல, அதே ஆளுக முன்னாடி, யாரு எடுத்தது, யாருக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்லுங்க. டீச்சரம்மா வரவேண்டாம். ஒடம்பு சரியில்லாதவிய. நீங்க சொல்லுங்க."

"அம்மா பேரு வெளிய வந்திருமேக்கா" என்றேன்.

"வரட்டும்" என்றது அம்மாவின் குரல், எனக்குப் பின்னாலிருந்து. "நானும் வந்து நிக்கறேன்."

செப்டம்பர் 7, ஞாயிறு

சங்கக் கூட்டம் எப்போதும் மொட்டைமாடியில் நடக்கும். கீழே, கேட்டருகே வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். பிரபாவதிக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு இத இவ்வளவு பெருசாக்கறீங்க?" என்றார். ஆனாலும் வந்தார். அநேகமாக எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். வசந்தாமணியக்கா சாலையின் எதிர்ப்பக்கம், பேக்கரி நிழலில் நின்றார். வளாகத்துக்குள் கால் வைக்கவில்லை.

மாத்திரை அளவு குறைந்திருப்பதால் அம்மாவுக்கு மறுபடி விறைப்பு. பார்க்கிங்கிலிருந்து கேட் வரை வர நெடுநேரம் ஆனது. நாற்காலி கொண்டு வந்தார்கள். உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச ஆரம்பித்தேன். ஆய்வரங்குகளில் எத்தனையோ முறை பேசியவள்தான். நோய், மருந்து, மூளை என்று வாய் தானாகப் போனது. எல்லோர் முகமும் இளகுவதைப் பார்த்தேன். யாரோ "பாவம் டீச்சர்" என்றார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிட எனக்கு ஆசையாகவும் இருந்தது. அதுவரை சொன்னதெல்லாம் உண்மைதான். யாரும் மேலே கேட்கப் போவதில்லை.

சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

"சிமிழ் எங்க வீட்டு பீரோவுல இருக்குதுன்னு எனக்குத் தெரியும். வசந்தாமணியக்கா மேல பழி விழுந்த மறுநாளே தெரியும். மாத்திரையாலதான் இப்படின்னும் தெரியும். எனக்கு ஒரு வேலை முடியற வரைக்கும் அம்மா இப்படியே நடமாடோணும்னு வாய மூடிட்டு இருந்தேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லல. தப்பு அம்மா மேல இல்ல, வசந்தாமணியக்கா மேல இல்ல. என் மேல."

இந்த முறை "பாவம்" என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்காரர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். பிரபாவதி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கேட்டைத் தாண்டிச் சாலையைக் கடந்து போய் வசந்தாமணியக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டினார். இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளவில்லை. பஸ் வந்தது. வசந்தாமணியக்கா ஏறிப் போய்விட்டார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கட்டுரை ஏற்கப்பட்டது. ஐசக் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஏன் என்று தெரியாமலே. "தரவுல ஒண்ணும் தப்பில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றார். சற்றுக் கழித்துத் திரும்பி வந்து, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார்.

நிஷாவிடமும் சொன்னேன். அவள் என்னிடம் இப்போது மரியாதையாகத்தான் இருக்கிறாள். முன்பு அன்பாக இருந்தாள்.

செப்டம்பர் 27, சனி

அம்மாவின் கை இப்போது கடைகளில் எங்கும் போவதில்லை. ஃபேன்சி ஸ்டோருக்கு அவரே போய், நான் பணம் கட்டியிருந்தும் எடுத்தவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் காலையில் எழுந்திருக்க மிகவும் சிரமப்படுகிறார். ஜாக்கெட் கொக்கி நான்தான் மாட்டுகிறேன். புது ஆள் ஒருவர் பகலில் வருகிறார், பேச மாட்டார்.

இன்று டாக்டர் வடிவிடம் முறை. எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் நான் எழுந்து அம்மாவின் கையைப் பிடிக்கப் போனேன்.

"நீ இங்கயே உக்காரு அம்முணி. நானே பேசிக்கறேன்."

குரலில் கடுமை இல்லை. நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, சின்னச் சின்ன அடியாக வைத்து உள்ளே போனார். நர்ஸ் கதவைச் சாத்தினார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள், "கூட யாரும் போகலீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லீங்க. அவங்களே பேசிக்குவாங்க."

கதவுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. சொற்கள் தெரியவில்லை. நிறையப் பேசினார். ஒரு தடவை டாக்டர் சிரித்தது கேட்டது, அம்மாவும் சிரித்தார்.

வெகுநேரம் ஆயிற்று. அம்மா உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.